ஏழு இடி

சுசீந்திரம்
கொல்லம் ஆண்டு 1130 தை 16

தாணுமாலையன் துணை.

தாணு மக்கா,

அன்று குளக்கரையில் இருந்தவர்கள்: நான். நீ. உன்னோடு படிக்கிற குளச்சல்காரப் பையன் பேபி. மெட்ராஸிலிருந்து நீங்கள் கொண்டுவந்த சத்தம் பிடிக்கிற பெட்டியைத் தலையில் சுமந்து வந்த கோலப்பன். உன் அம்மையோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த நேசபாய் டீச்சர். கூப்பிடாமலே வந்து தாழம்வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பகவதியம்மாள். அவள் உன் தாத்தாவின் தங்கைதான், ஆனாலும் நான் அவளோடு பேசி ஒன்பது வருசம் ஆகிறது. உன்னைப் பார்த்துத் தாயைத் தின்னவன் என்று சொன்ன வாய் அது. ஆனாலும் கேட்ட காது கேட்டதுதான். சாட்சிக்கு அவளையும் சேர்த்துக்கொண்டேன். ஆக ஆறு பேர்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், நீ படிக்கிற இடத்தில் ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்றாய். அத்தனை பேருக்கு நடுவில் ஒரு சொல் தொலைந்துபோக வழி உண்டு. என் கையெழுத்தில் இருந்தால் தொலையாது. மூன்றாம் வகுப்புக் கையெழுத்துதான், பொறுத்துக்கொள்.

பேதி கண்ட வருசம் உன் அம்மை, என் மகள் உலகம்மாள், இராஜாக்கமங்கலத்தில் உன் அப்பன் பூதலிங்கம் வீட்டில் செத்தாள். உனக்கு மூன்று வயது. பூதலிங்கம் எனக்கு ஆள் அனுப்பினான். ஆறு கல் தூரம் நான் நடந்துபோய்ச் சேருவதற்குள் கொளுத்தியும் விட்டான். முகம் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு போட்டோவும் கிடையாது. திரும்பி வருகிற வழியில் இந்தக் குளக்கரையில் உட்கார்ந்து ஒருதரம் ஒப்பாரி பாடினேன். நேசபாய் மட்டும் கேட்டாள். இருபது வருசம் கழித்து, நீ கேட்டாய் என்பதற்காக இரண்டாம்தரம் பாடினேன். 'அம்மை சத்தம் பிள்ளைக்குக் கெடைக்காது. ஒங்க சத்தத்துல அவ பேராவது கெடைக்கட்டும்' என்று நேசபாயும் சொன்னாள்.

சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி ஆகாது என்றுதான் குளக்கரைக்குப் போனோம். முடிந்ததும் எல்லாரும் தலைமுழுகினோம். பெட்டிமேலும் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். 'ஆச்சி, இது காலேஜ் சொத்து' என்று பேபி அதை மாரோடு கட்டிக்கொண்டு ஓடினான். கோலப்பன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். ஒப்பாரி என்றால் அதில் செத்தவர் பேர் இருக்க வேண்டும். பேரில்லாத ஒப்பாரி உயிரோடு இருக்கிறவர்கள்மேல் போய் விழும் என்பாள் என் அம்மை. உலகம்மாள் பேர் ஏழு இடத்தில் வருகிறது. ஏழும் அப்படியே இருக்க வேண்டும். பரீட்சை போடுகிற வாத்தியார்மாரைத் தவிர வேறு காது அதைக் கேட்கக் கூடாது. குளத்துத் தண்ணீரைக் கையில் எடுத்து 'சரி ஆச்சி' என்று நீ சொன்னாய். ஆறு பேரும் கேட்டோம்.

என் முட்டங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடு சினை. உன் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடி. ஹோட்டல் சாம்பாரில் அது சரியாகாது.

அழகியநாயகி


சென்னை
20-2-1955

அன்புள்ள ஆச்சிக்குத் தாணு எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. முட்டங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். தொண்டை இப்போது தேவலை.

எங்கள் ஒலிப்பதிவு அறையை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். சுவர் முழுக்கச் சாக்குத்துணி அடித்திருக்கும். கைதட்டினால் சத்தம் திரும்பி வராது. அங்கே உங்கள் டேப்பைப் போட்டோம். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம், 'மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தாய்?' என்று மட்டும் கேட்டார். இரண்டு முழம் என்றேன். 'இதற்கு மேல் நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை' என்றார். ஆச்சி, மூன்று வருஷத்தில் அவர் யாரையும் இப்படிச் சொன்னதில்லை.

அம்மாவின் பெயர் ஏழு இடத்திலும் துல்லியமாக இருக்கிறது. ஐந்தாவது இடத்தில் உங்கள் குரல் உடைகிறது. பின்னால் ஒரு மீன்கொத்தியும் கேட்கிறது. அறையில் யாரும் இல்லாதபோது அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். சொன்ன சொல் நினைவிருக்கிறது.

உங்கள் தாணு


சுசீந்திரம்
கொல்லம் 1130 மாசி 20

தாணு மக்கா,

உன் கடிதத்தை நேசபாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. உன் சாருக்கு அம்மை இருக்கிறாளா என்று விசாரி. இல்லாதவர் என்றால் அவர் கண்ணை மூடினது எனக்குப் புரியும்.

'சினிமாப் பெட்டி தூக்கதுக்கும் ஒரு காலேஜா' என்று நம் வீட்டு ஆண்கள் கேட்டபோது, 'எம் பேரன் சத்தம் பிடிக்கப் படிக்கான், ஒங்களுக்குப் பிடிக்கத் தெரிஞ்சது பீடி மட்டும்தான்' என்று சொன்னவள் நான். மறந்துவிடாதே.

ஆடி அமாவாசைக்கு வரும்போது பெட்டியைக் கொண்டு வா. கன்னியாகுமரிக் கடலில் முழுகிவிட்டு வந்து, குளக்கரையில் வைத்து ஒருதரம் நான் கேட்க வேண்டும். பாடும்போது எனக்கே என் சத்தம் கேட்கவில்லை.

பகவதியின் ஆடு என் வாழையைக் கடித்தது. நான் ஆட்டைத்தான் வைதேன். அவள் வேலிக்கு அப்பால் நின்று, 'ஆட்டுக்குத் தெரியுமா கோவம்' என்று ஆட்டிடமே சொன்னாள். ஒன்பது வருசமாக நாங்கள் இப்படி ஆட்டோடும் மாட்டோடும்தான் பேசிக்கொள்கிறோம்.

நன்றாகச் சாப்பிடு. பரீட்சைக்கு முன்னால் தலைக்கு எண்ணெய் வை.

அழகியநாயகி


சென்னை
30-4-1955

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நலம். தேர்வு முடிந்தது. ஒலிப்பதிவில் நான்தான் முதல். பேபி மூன்றாவது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரும் வந்திருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அங்கேயே உதவியாளனாகச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

உடனே சேர வேண்டியிருப்பதால் விடுமுறைக்கு வர முடியாது. மாடு கன்று போட்டதா?

உங்கள் தாணு


சுசீந்திரம்
கொல்லம் 1130 ஆடி 28

தாணு மக்கா,

முதலாவது வந்ததற்குக் கோயிலில் வடைமாலை சாத்தினேன். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை.

ஆடி அமாவாசை வந்து போய்விட்டது. கோலப்பனோடு போய் முழுகிவிட்டு வந்தேன். திரும்பி வந்து குளக்கரையில் வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன். நாகர்கோவில் பஸ் மூன்று வந்தது. கோலப்பன் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்தான். மூன்றாவது பஸ் போன பிறகு, 'பெட்டி கனம்லா ஆச்சி, தனியாத் தூக்க முடியாது' என்றான். உனக்காக அவன் சொன்ன சாக்கு அது. நீ உன் கையால் ஒன்று எழுதியிருக்கலாம்.

நீ வர முடியாவிட்டால் டேப்பை மட்டும் தபாலில் அனுப்பு. போட்டுக் கேட்க வழி இல்லாவிட்டாலும் அது என் பெட்டியில் இருக்கட்டும்.

கைகால் சுகமா என்று எழுது.

அழகியநாயகி


சென்னை
10-10-1955

அன்புள்ள ஆச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே பகல் எது இரவு எது என்று தெரியாத வேலை. உடம்பு நன்றாக இருக்கிறது.

டேப் கல்லூரியின் உடைமை. வெளியே தர விதி இல்லை. குளிருக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். நல்ல கம்பளி.

வேலை சுவையானது. போன வாரம் ஒரு மழைக்காட்சிக்கு இடிச்சத்தம் தேவைப்பட்டது. ஆளுயரத் தகரத்தைத் தொங்கவிட்டு இரண்டு பேர் ஆட்டினோம். நிஜ இடியைவிட நன்றாக வந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

நேசபாய் டீச்சருக்கு என் வணக்கம்.

உங்கள் தாணு


சுசீந்திரம்
கொல்லம் 1131 மாசி 9

தாணு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பகவதியம்மாள் முற்றத்தில் வந்து நின்றாள். 'மயினி' என்றாள். பத்து வருசத்தில் முதல் சொல். நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

'மயினி, நாரோயில் கொட்டகைல ஒங்க சத்தம் கேக்கு.'

'எஞ்சத்தம் இங்கதான் இருக்கு.'

'இல்ல மயினி. படத்துல ஒரு குட்டி அழுகா. வாய் அவளுக்கு, சத்தம் ஒங்களுக்கு. வேலிக்கு அந்தால நின்னு கேட்டவளுக்குத் தெரியாதா.'

மறுநாள் நானும் அவளும் நேசபாயும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் பகல் ஆட்டம் பார்க்கப் போனோம். என் ஆயுசில் நான் பார்த்த முதல் சினிமா. தொடக்கத்தில் எழுத்து ஓடியது. நான் ஒரு பேரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பத்துப் பேர் போய்விடுகிறார்கள். ஆனால் உன் பேரை மட்டும் பிடித்துவிட்டேன். தாணப்பன். நேசபாய் என் கையை அமுக்கினாள். அந்த நேரம் எனக்குச் சந்தோசம்தான். அதை மறைக்க மாட்டேன்.

பாதிப் படம் ஆனதும் மழை பெய்தது. முகம் முழுக்கச் சாயம் பூசின ஒரு பெண், புருசன் பிணத்துமேல் விழுந்தாள். வாயைத் திறந்தாள். நான் வந்தேன்.

'ஆறு கல்லு தூரந்தானே, அரைநாள் நடையில்ல,
நான் வந்து சேருமுன்ன நெருப்பு வந்து சேந்ததென்ன'

அடுத்து உலகம்மா என்று வர வேண்டும். இடி இடித்தது. பாட்டு மேலே போயிற்று.

'கொப்பும் குழையுமா நின்ன மரம் சாஞ்சிருச்சே,
கோடாலிக் காம்புகூட எங்கண்ணு காணலியே'

மறுபடி இடி. பகவதி என் காதில், 'மயினி, பேரக் காணலியே' என்றாள். அவளுக்கும் அந்தப் பேர் எங்கே வரும் என்று தெரிந்திருந்தது. ஒருதரம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டவளுக்கு.

மூன்றாவது இடிக்கு நான் வாய்விட்டுச் சொன்னேன், உலகம்மா என்று. நான்காவதுக்கும் சொன்னேன். முன்பெஞ்சில் இருந்தவள் திரும்பினாள். 'பாட்டி, நாங்க எல்லாரும் சும்மா அழுகோம்லா. நீங்க மட்டும் யார விளிக்கியோ?' என்றாள். 'எம் மவள' என்றேன். அவள் திரும்பிக்கொண்டாள். ஐந்தாவதில் என் குரல் உடைகிற இடத்தில் மீன்கொத்தி கத்தியது. நம் குளத்து மீன்கொத்தி. அதை விட்டுவைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் இடிதான். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் பகவதியும் என்னோடு சேர்ந்து சொன்னாள்.

ஏழு இடி. விரல் மடக்கி எண்ணினேன்.

வெளியே வந்ததும் நேசபாய், 'அவன் அறியாம நடந்திருக்கும்' என்றாள். இருக்கலாம். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளிக்காதுக்கு எப்படிப் போனது என்பதைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவள் பேரை வெட்டின கை யாருடையது? பதிலுக்கு ஒரு பேர் எழுதினால் போதும்.

அழகியநாயகி


சென்னை
2-4-1956

அன்புள்ள ஆச்சிக்கு,

நீங்கள் இவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தது உங்கள் முட்டங்காலுக்கு நல்லதல்ல.

ஒரு படம் என்பது நூறு பேர் சேர்ந்து செய்கிற வேலை. கல்லூரியிலிருந்து அந்த ஒலி பெறப்பட்டது. கதையில் வருகிற இறந்தவர் ஆண் என்பதால் பெயர் பொருந்தாது என்று முடிவு செய்யப்பட்டது. அதன்படி மாற்றங்கள் நடந்தன. நான் அங்கே கடைசி ஆள். என் கையில் என்ன இருக்கிறது?

எப்படி இருந்தாலும் உங்கள் குரலை இன்று தமிழ்நாடே கேட்கிறது. மதுரையில் அந்தக் காட்சியில் பெண்கள் மயங்கி விழுந்தார்களாம். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

சால்வை கதகதப்பாக இருக்கிறதா?

தாணு


சுசீந்திரம்
கொல்லம் 1131 வைகாசி 11

பேபி தம்பிக்குத் தாணுவின் ஆச்சி எழுதுவது.

நீ சுகமா? குளச்சலில் உன் அம்மாவைப் போய்ப் பார்த்து, உன் மெட்ராஸ் விலாசத்தை அவளிடம்தான் வாங்கினேன். அவள் எனக்கு நெத்திலி பொரித்துத் தந்தாள். நாங்கள் சைவம் என்று சொல்ல வாய் வரவில்லை. கோலப்பன் என் பங்கையும் சேர்த்துத் தின்றான்.

என் பேரன் எழுதின கடிதத்தில் எல்லா வேலையும் தானாகவே நடந்திருக்கிறது. ஆளே இல்லாமல் கத்திரிக்கோல் எழுந்து நடந்துபோயிருக்கிறது. அன்று குளக்கரையில் இருந்தவன் நீ. அவன் தண்ணீரைக் கையில் எடுத்ததைப் பார்த்தவன் நீ. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

நாகர்கோவிலில் அந்தப் படம் பன்னிரண்டு நாள் ஓடியது. பார்த்த மறுநாளிலிருந்து கடைசி நாள்வரை நானும் என் நாத்தனார் பகவதியும் தினமும் பகல் ஆட்டத்துக்குப் போனோம். படம் பார்க்க இல்லை. ஏழு இடிக்கும் ஏழுதரம் அவள் பேரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். டிக்கெட் கிழிக்கிறவன், 'ஆச்சி, இன்னைக்கும் விளிக்க வந்தாச்சா' என்று கேட்க ஆரம்பித்தான். கடைசி நாள் ஒரு மீன்காரி எனக்கு முந்திச் சொல்லிவிட்டாள்.

பேரில்லாமல் அந்த ஒப்பாரி காற்றில் போனால் அது யார்மேல் விழும் என்று எனக்குப் பயம். யார்மேல் என்று நான் சொல்ல வேண்டுமா, தம்பி? அவளுக்குப் பிள்ளை என்று இருப்பது ஒருவன்தான். இங்கே நான் சொன்னேன். மதுரையில் யார் சொல்வார்கள்?

தெரிந்ததை எழுது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அழகியநாயகி


சென்னை
8-7-1956

மரியாதைக்குரிய ஆச்சிக்குப் பேபி எழுதிக்கொள்வது.

மாதா அருளால் சுகமாக இருக்கிறேன். நீங்கள் வந்து போனதைப் பற்றி அம்மா எழுதினாள். நெத்திலி விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டாளாம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஐந்துதரம் எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்க மாட்டேன்.

ஸ்டூடியோக்காரர் தேர்வில் உங்கள் ஒப்பாரியைக் கேட்டார். படத்துக்கு வேண்டும் என்றார். எங்கள் பேராசிரியர், 'அது அந்த வீட்டுச் சொத்து, கேட்காமல் தர மாட்டேன்' என்றுவிட்டார். ஸ்டூடியோக்காரரும் வற்புறுத்தவில்லை. 'நடுவில் ஒரு பெயர் வேறு வருகிறது. பாடகியை வைத்து இதேபோல் ஒன்று எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

தாணுதான் அவர் பின்னால் வராந்தாவரை போனான். 'சார், பாடகி வேண்டாம். பேரை நானே எடுத்துடுகேன். எடுத்தது தெரியாது' என்றான். வீட்டில் சம்மதம் வாங்கியாயிற்று என்று பேராசிரியரிடம் ஒரு கடிதமும் கொடுத்தான். கீழே உங்கள் பெயர் இருந்தது. அந்தக் கையெழுத்து மூன்றாம் வகுப்புக் கையெழுத்து மாதிரியே இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு என்னையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்தான். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, பெயர் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு, கத்திரிக்கோலால் வெட்டி ஒட்டினான். மெதுவாக உருட்டும்போது அந்தப் பெயர் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் கேட்கும். ஐந்தாவது இடத்தில் மட்டும், 'நீ இந்த முனையப் பிடி' என்றான். பிடித்தேன். அதனால் கை அவனுடையது மட்டும் என்று நான் எழுத முடியாது. அப்புறம் ஒட்டின இடத்தில் தட்டுகிறது தெரியாமல் இருக்கத் தகர இடி சேர்த்தோம்.

அவன் அழுதான் என்று எழுத எனக்கு ஆசை. அழவில்லை. முடிந்ததும் காபி குடிக்கப் போனோம்.

துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடச் சொன்னான். நான் போடவில்லை. இத்தனை நாள் ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண். ஏழும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உங்கள் மகளின் பெயர் மட்டும் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. வெயிலில் வைக்க வேண்டாம்.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம்.

பேபி


சென்னை
14-10-1956

அன்புள்ள ஆச்சிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன கடிதத்துக்கு ஆறு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. நேசபாய் டீச்சர் மூலம் சுகம் அறிந்துகொண்டேன். பகவதி பாட்டியோடு நீங்கள் பேசுகிறீர்களாமே. மகிழ்ச்சி.

நல்ல செய்தி. அடுத்த படத்தில் என் பெயர் தனியாக, முழுத்திரையில் வரும். அடுத்த மாதம் நம் ஊரும் மெட்ராஸோடு சேர்ந்துவிடும். இனி நாம் ஒரே ராஜ்யம், தூரமே இல்லை.

தைப்பொங்கலுக்கு வருகிறேன். ஸ்டூடியோவே புதுப் பெட்டி தருகிறது, ஒரு கையால் தூக்கலாம். கோலப்பன் வேண்டாம். இந்தப் படத்துக்கு ஒரு தாலாட்டு தேவைப்படுகிறது. சின்ன வயதில் எனக்குப் பாடுவீர்களே, அதுதான். இதில் பெயர் ஒன்றும் சேர்க்க வேண்டாம் ஆச்சி. 'கண்ணே' என்று மட்டும் போதும். அப்படியானால் பிறகு யாருக்கும் வருத்தம் இல்லை.

உங்கள் தாணு


சுசீந்திரம்
கொல்லம் 1132 ஐப்பசி 20

தாணுமாலையன் துணை.

தாணு,

நான் சாகவில்லை. முட்டங்கால் மடக்க வரவில்லை. மாடு மறுபடி சினை. மெட்ராஸோடு சேர்ந்ததற்கு இங்கே வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். ஒரே ராஜ்யம்தான். ஆறு கல் தூரத்தையே என்னால் நேரத்தோடு நடந்து முடிக்க முடிந்ததில்லை.

பொங்கலுக்கு வா. சோறு இருக்கும், பாய் இருக்கும், உனக்குப் பிடித்த புளிசேரி இருக்கும். பெட்டியை விட்டுவிட்டு வா. உனக்குப் பாடின தாலாட்டில் உன் பேர் இருந்தது. பேரை எடுத்துவிட்டால் மிச்சத்தை எப்படிப் பாடுவது என்று எனக்குத் தெரியாது.

பேபி எழுதினான். ஏழு துண்டும் என் கையில் இருக்கிறது. காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் வைத்தேன். என் கல்யாணச் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். என்னைக் கொளுத்தும்போது அவற்றை என் உள்ளங்கையில் வைக்க வேண்டும் என்று கோலப்பனிடமும் பகவதியிடமும் சொல்லியாயிற்று. அன்றைக்கு அவள் தனியாக எரிந்தாள். இனி அது நடக்காது. நான் போட்டேன் என்று நீ கொடுத்த கையெழுத்தைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. என் எழுத்து உனக்கு நன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முன்னால் ஆறு பேர் என்று எழுதினேன். அவர்களைப் பற்றிய பேச்சை முடித்துவிடுகிறேன். பெட்டியைச் சுமந்தது கோலப்பனின் தலை. அதற்குள் என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியாது. நேசபாய் என்னைப் பாடச் சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். நீ அறியாமல் நடந்திருக்கும் என்று அவளே மறுபடி சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பேபி முனையைப் பிடித்தான். ஆனால் குப்பையில் போடவில்லை. போன வாரம் குளச்சலுக்கு அவன் அம்மாவுக்கு ஒரு குலை ரசகதலிப் பழம் கொடுத்தனுப்பினேன். பகவதி பத்து வருசத்துக்கு முன்னால் உன்னை ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்லுக்காக அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் வீட்டுக் கல்யாணம் இரண்டுக்குப் போகவில்லை. இப்போது தினமும் என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள், அந்தச் சொல்லை ஒருநாளும் எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கேட்கிறது.

உன் அப்பன் பூதலிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வருசமாக அவன் பேரைக் கேட்டாலே துப்புவேன். பேதிச் சாவு, சர்க்கார் உத்தரவு, அவனும் கொளுத்தித்தான் ஆக வேண்டும். அவன் எரித்தது உடம்பை. போன மாசம் கோயில் தெப்பக்குளத்தில் அவனைப் பார்த்தேன். கிழவன் ஆகிவிட்டான். 'சொகமா இருக்கியா' என்று கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதான். அதுவும் போயிற்று.

எனக்கு வயசாகிவிட்டது. எல்லாப் பகையையும் சுமக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் இறங்கவில்லை. மெட்ராஸில் எந்த வாத்தியாரிடம் வேண்டுமானாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. இதில் யாரும் கத்திரி வைக்க முடியாதபடிதான் சேர்த்து எழுதுகிறேன். இந்தப் பிறவியில் நான் மன்னிக்காத ஒருவன்:

உலகம்மாள் மகன் தாணப்பன்.